அல்பாக்கா நூலுக்குப் பூச்சிச் சிவப்பு

தென் அமெரிக்காவில் வளர்க்கும் ஒட்டக இன விலங்கான அல்பாக்காவின் ரோமத்தில் ஆட்டுக் கம்பளி போலப் பிசுபிசுப்பு கிடையாது, தூசிதான் அதிகம். நன்றாக உதறி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் போதும். கசக்கவே கூடாது. என் முதல் அரைக் கிலோவைத் துணி மாதிரி கசக்கித் துவைத்தேன். கெட்டியாகத் திரண்டு வீணாகிவிட்டது. இன்னும் மனசு கேட்கவில்லை.

உலர்ந்ததும் சிக்கெடுத்து, தக்களியில் நூற்று, இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்குங்கள். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் அங்கே சாயம் ஏறாது.

சரி, இனி சாயம். பெருவில் சின்செரோ ஊர்ப் பெண்கள், சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி அரைத்துச் சிவப்பு எடுக்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்தது. 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம் தண்ணீரில் கரைத்து, நூலை இறக்கி, கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடாக்கி, அதே நீரில் ஆறவிடுங்கள். அப்புறம் 8 கிராம் பூச்சிப் பொடியைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஈர நூலை இறக்கி, இளஞ்சூட்டில் இன்னொரு மணி நேரம். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால், அடர் ரோஜா நிறம் கண்ணெதிரே செம்பருத்திச் சிவப்பாகத் திரும்பும். அந்த நொடிக்காகவே அடுப்பை விட்டு நகரமாட்டேன்.

ஆறியதும் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். நூலில் எடை கட்டாதீர்கள், அல்பாக்கா நீண்டுவிடும். அந்தப் பானை இனிமேல் சமையலுக்கு வேண்டாம்.