சும்மா விட்டால் உறைந்துபோகும் பழைய மடிக்கணினி: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

வேலை செய்துகொண்டிருக்கும்வரை எந்தக் குறையும் காட்டாத பழைய மடிக்கணினி, கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் அசையாமல் நிற்கிறது. சுட்டி நகர்வதில்லை, எந்த விசையை அழுத்தினாலும் மறுமொழி இல்லை, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. இந்தக் குறையைச் சொன்னதும் பலரும் கைகாட்டுவது சூட்டையும் தூசியையும்தான். ஆனால் சூடு காரணமென்றால், காணொளி ஓடும்போதோ பெரிய கோப்பைத் திறக்கும்போதோ அல்லவா கணினி நிற்க வேண்டும்? சும்மா இருக்கையில் மட்டும் நிற்கும் கணினியில் நாம் தேட வேண்டிய இடம் வேறு.

நாம் கையை எடுத்ததும் கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குகிறது. செயலி, இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் மிகச் சிறிய இடைவெளியில்கூட சி-ஸ்டேட் எனப்படும் உறக்கப் படிகளில் இறங்கி ஏறுகிறது. குறித்த நிமிடத்தில் திரை அணைகிறது. பிறகு ஹார்ட் டிஸ்க் சுழல்வதை நிறுத்துகிறது. கடைசியில் முழுக் கணினியும் ஸ்லீப் நிலைக்குப் போகிறது. இப்படி அணைந்த உறுப்புகளில் ஒன்று திரும்ப அழைக்கும்போது எழவில்லையென்றால், அதற்காகக் காத்திருக்கும் கணினியும் அதனுடன் சேர்ந்து உறைகிறது. ஆகவே எந்த உறுப்பு எழ மறுக்கிறது என்பதே கேள்வி. கீழுள்ள படிகள் விண்டோஸ் உள்ள கணினிகளுக்காக எழுதப்பட்டவை. தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்; ஹார்ட் டிஸ்க்கே குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு சிறியதல்ல.

முதல் படி: உண்மையிலேயே உறைந்திருக்கிறதா?

அடுத்த முறை கணினி நின்றதும் உடனே பவர் பொத்தானுக்குப் போகாதீர்கள். கேப்ஸ் லாக் விசையை அழுத்தி, அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு மாறினால் உள்ளே இயங்குதளம் உயிரோடுதான் இருக்கிறது. திரையோ அதை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளோ மட்டும் எழவில்லை என்று கொள்ளலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு பி எழுத்தை அழுத்தினால், விண்டோஸ் 10-லும் அதற்குப் பின் வந்த பதிப்பிலும் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திரை திரும்பி வந்துவிட்டால் நீங்கள் நேரே நான்காம் படிக்குப் போய்விடலாம்.

விளக்கு மாறாவிட்டாலும் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்து விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளைச் செய்யும். வைரஸ் சோதனை, வட்டை ஒழுங்குபடுத்துதல் போன்றவை பழைய ஹார்ட் டிஸ்க்கை மூச்சுமுட்ட வைத்துவிடும். டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்து, சற்று நேரத்தில் கணினி தானாகவே மீண்டுவிட்டால், அது உறைதல் இல்லை, வெறும் மந்தம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வட்டைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் விளக்கு மாறவில்லையென்றால் அதுதான் முழு உறைதல்.

இரண்டாம் படி: எல்லா உறக்கத்தையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தல்

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட கணினிகளில் விடை இந்தப் படியிலேயே கிடைத்திருக்கிறது, அவசரப்படாமல் செய்யுங்கள்.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், நடப்பில் உள்ள திட்டத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறவுங்கள். திரை அணைதல், ஹார்ட் டிஸ்க் அணைதல், ஸ்லீப் ஆகிய மூன்றையும் நெவர் என்று மாற்றுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிவில் உள்ள லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டையும், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்திவையுங்கள்; இவை உள்ளிணைப்புகளையும் யுஎஸ்பி கருவிகளையும் உறங்கவைப்பவை. பிறகு சார்ஜரைச் செருகி, கணினியை மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

திரை அணையாமல் இருப்பதால் இங்கே ஒரு வசதி கிடைக்கிறது. கணினி உறைந்தால் திரையின் மூலையில் உள்ள கடிகாரமும் அந்த நிமிடத்திலேயே நின்றுவிடும். எப்போது நின்றது என்பதை நீங்கள் காவல் காக்காமலே படித்துக்கொள்ளலாம்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் கணினி நன்றாக இருந்தால், நிறுத்திவைத்தவற்றில் ஒன்றுதான் காரணம். இப்போது ஒன்றை மட்டும் திரும்பக் கொடுங்கள். அதுவும் இரண்டு நிமிடம் என்ற குறுகிய அளவில். ஹார்ட் டிஸ்க்கை இரண்டு நிமிடத்தில் அணையச் செய்து, பத்து நிமிடம் கழித்து ஒரு கோப்புறையைத் திறந்து பாருங்கள். திறந்தால் அதை மறுபடி நெவர் ஆக்கிவிட்டு, அடுத்ததாகத் திரையைச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

என் பழைய மடிக்கணினி மாலை 4:37-ஐக் காட்டியபடி நின்றிருந்தது. நான் எழுந்து போனது 4:17-க்கு. ஹார்ட் டிஸ்க் அணைவதற்கு விண்டோஸ் வழக்கமாக வைத்திருக்கும் அளவு 20 நிமிடம் என்பது அப்போதுதான் உறைத்தது. அளவை இரண்டு நிமிடமாகக் குறைத்தேன். இரண்டாம் நிமிடத்திலேயே நின்றது. விசைப்பலகைக்குக் கீழே, உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டால், நின்றுபோன வட்டு சுழன்றெழ முயன்று தோற்கும் ‘டிக்… டிக்’ ஓசை சீராகக் கேட்டது.

இன்னொரு குறிப்பு. மினிமம் பிராசசர் ஸ்டேட்டை நூறு சதவீதமாக்கினால் உறைதல் தீரும் என்று சொல்பவர்கள் உண்டு. அது செயலியின் வேகம் குறையாமல் பிடித்துவைக்குமே தவிர, சி-ஸ்டேட் உறக்கத்தைத் தடுக்காது. கணினி சூடாவதுதான் மிச்சம்.

மூன்றாம் படி: விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள்

வலுக்கட்டாயமாக அணைத்துத் திரும்பத் தொடங்கிய பின், ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். கர்னல்-பவர் 41 என்ற சிவப்புக் குறிப்பு கண்ணில் படும். புதியவர்கள் அதையே நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை, உறைந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பதிவானவை. 7 என்ற எண் வட்டில் கெட்டுப்போன பகுதியைச் சுட்டுகிறது. 129, பதில் சொல்லாத வட்டை மறுபடி தட்டியெழுப்ப விண்டோஸ் முயன்றதைச் சொல்கிறது. 153, ஒரு படித்தலோ எழுதுதலோ திரும்பச் செய்யப்பட்டதைக் குறிக்கிறது. 4101 வந்திருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் நின்று மீண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எதுவுமே பதிவாகவில்லை என்பதும் ஒரு தடயம்தான், ஏனெனில் வட்டே நின்றுவிட்டால் குறிப்பை எழுத இடமேது?

வட்டின் மேல் ஐயம் விழுந்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில், வட்டு தன் நலத்தைத் தானே பதிவுசெய்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டதால் மாற்றப்பட்ட பகுதிகள்), கரன்ட் பென்டிங் செக்டர் (ஐயத்துக்குரிய பகுதிகள்) ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் சுழியமாக இருக்க வேண்டும். அவை நாளுக்கு நாள் ஏறினால் அந்த வட்டைச் சரிசெய்ய முயல்வது வீண், மாற்றுவதே வழி.

நான்காம் படி: டிரைவரும் பயாஸும்

கிராபிக்ஸ், சிப்செட், வைஃபை ஆகிய மூன்றின் டிரைவர்களையும் மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே, உங்கள் மாதிரி எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கருவியின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பொருளில் இருக்கும் குறியை நீக்கிவிடுங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குப் புதிய பதிப்பு இருந்தால் போடலாம். அந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால் கணினியே எழாமல் போகலாம் என்பதால், சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் போதிய சார்ஜ் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: குறை வன்பொருளிலா?

எல்லா உறக்கத்தையும் நிறுத்திய பின்னும் கணினி உறைகிறது என்றால், முதலில் ரேமைச் சோதியுங்கள். தேடல் பெட்டியில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்பதைத் தேடி இயக்கினால், கணினி மறுபடி தொடங்கிச் சோதனையைச் செய்யும். பிழை காட்டினால் கணினியை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்துத் திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி புடைத்திருந்தாலோ பேட்டரி ஊதியிருக்கலாம். அப்படியானால் கணினியை இயக்குவதை நிறுத்திவிட்டு, பேட்டரியைத் தகுந்தவரிடம் மாற்றக் கொடுங்கள்.

ரேமில் குறையில்லையென்றால், லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை யுஎஸ்பி டிரைவிலிருந்து நேரடியாகத் தொடங்கி, சும்மா விட்டுப் பாருங்கள். அங்கேயும் உறைந்தால் விண்டோஸ் காரணமில்லை என்பது வழக்கமான முடிவு. ஆனால் இந்தச் சோதனை ஏமாற்றும் ஓரிடமும் உண்டு: செலரான் என்2840 போன்ற, பே டிரெயில் எனப்படும் இன்டெல் செயலிகள் லினக்ஸில் ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்குப் போகும்போது உறைவது பரவலாக அறியப்பட்ட குறை. சி-ஸ்டேட்டின் உச்ச அளவை 1 என்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் அமைப்பில் கட்டுப்படுத்தினால் அது நிற்கும். பேட்டரி சற்று விரைவாகத் தீரும்.

உறக்கத்திலிருந்து எழுவது மட்டுமே பிரச்சினை, வேறு எந்த மாற்றமும் பலிக்கவில்லை என்றால், ஸ்லீப்பை விட்டுவிட்டு ஹைபர்னேட்டுக்கு மாறுங்கள். அது ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை முழுவதுமாக அணைத்துவிடுகிறது; திரும்பவும் வழக்கமான தொடக்கம்போலவே எழுவதால், பாதி உறக்கத்தில் சிக்கிக்கொள்ள எந்த உறுப்பும் மீதியிருப்பதில்லை. பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கணினி எழுந்திருக்கக் கூடுதலாகச் சில நொடிகள் பிடிக்கும்.