கோடோ 4-ல் மேலிருந்து பார்க்கும் கேமரா: முதல் கேம் செய்பவர்களுக்கு

கோடோ என்பது கேம் செய்யும் மென்பொருள். மேலிருந்து பார்க்கும் கேமில், எதிரே வருவது ஆடுபவருக்கு நேரத்தோடு தெரிய வேண்டும். தெரியாமல் அடிபட்டால் அது கேமராவின் குறை. கேமராவை அப்படியே ஹீரோவோடு ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள்.

1. ஹீரோ. கேரக்டர்பாடி2டி நோடை (நோட் என்பது கோடோவில் காட்சியைக் கட்டும் ஒரு துண்டு; இது ஹீரோவின் உடல்) தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் மோஷன் மோடை ஃப்ளோட்டிங் என்று மாற்றுங்கள். கிரவுண்டட் என்பது தாண்டிக் குதிக்கும் கேம்களுக்கு. மேலிருந்து பார்க்கும்போது தரை, கூரை என்ற பேதமே கிடையாது.

2. கேமரா. ஹீரோவுக்குக் கீழே சைல்டாக ஒரு கேமரா2டி சேருங்கள். ஓட்டிப் பாருங்கள், பின்னாலேயே வரும்.

3. ஜூம். கோடோவின் வழக்கமான திரை 1152×648 பிக்சல். ஜூமை 3 என்று வைத்தால் 384×216 மட்டும் தெரியும். அதாவது 16 பிக்சல் டைலில் (வரைபடத்தை அடுக்கும் சதுரக் கட்டம்) குறுக்கே 24, நெடுக்கே பதின்மூன்றரை. (பழைய கோடோ 3 பாடங்களில் இது தலைகீழ், அங்கே எண் குறைந்தால்தான் படம் பெரிதாகும்.) திரை அகலமாக இருப்பதால் மேலும் கீழும் பார்வை குறைவு. ஹீரோவிலிருந்து மேல் விளிம்பு வரை 108 பிக்சல்தான். ஹீரோ விநாடிக்கு 120 பிக்சல் ஓடினால், விளிம்பில் தெரியும் முள்ளை 0.9 விநாடியில் மிதித்துவிடுவான்.

4. ஸ்மூத்திங். பொசிஷன் ஸ்மூத்திங்கை எனேபிள் செய்யுங்கள். ஸ்பீட் 5 இருக்கட்டும். படம் நடுங்கினால் ப்ராசஸ் கால்பேக்கை ஃபிசிக்ஸுக்கு மாற்றுங்கள். கேமரா அழகாக நகரும், ஆனால் ஹீரோவுக்குச் சுமார் 24 பிக்சல் பின்தங்கும் (120-ஐ 5-ஆல் வகுத்தால் வருவது). இப்போது அந்த முள்ளுக்கு 0.7 விநாடிதான்!

5. முன்னோட்டம், அதாவது ஹீரோ போகும் பக்கம் கேமரா முந்திப் போவது. பெரும்பாலான பாடங்கள் விட்டுவிடும் இடம் இதுதான். ஹீரோவின் ஸ்கிரிப்டில், ஹீரோவை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைடுக்கு அடுத்த வரியில், வெலாசிட்டியை (ஹீரோவின் வேகமும் திசையும்) 0.4-ஆல் பெருக்கி அதைக் கேமராவின் பொசிஷனாக வையுங்கள். கேமரா 48 பிக்சல் முன்னே போகப் பார்க்கும். 24 பின்தங்கல் போக, 24 பிக்சல் லாபம். முள்ளுக்கு 1.1 விநாடி கிடைக்கும். ஆடும்போது இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இதற்குக் கேமராவின் ஆஃப்செட்டை (படத்தைத் தள்ளி வைக்கும் அமைப்பு) தொடாதீர்கள். ஸ்மூத்திங் அதைக் கணக்கில் எடுக்காது, ஹீரோ திரும்பும்போதெல்லாம் படம் வெடுக்கென்று தாவும். லிமிட்டை (கேமராவின் எல்லை, அடுத்த படியில் வரும்) தாண்டி வெளியேயும் போய்விடும். திரையை அதிர வைக்க மட்டும் ஆஃப்செட் சரி.

6. லிமிட். வரைபடம் 100×60 டைல் என்றால் லெஃப்ட் 0, டாப் 0, ரைட் 1600, பாட்டம் 960. வரைபடத்துக்கு வெளியே உள்ள வெற்றுச் சாம்பல் நிறம் இனி எட்டிப் பார்க்காது.

வண்டி ஓட்டும் கேம் என்றால் முன்னோட்டம் மட்டும் போதாது. 1997-ல் வந்த முதல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவில் கார் வேகமெடுக்க எடுக்கக் கேமரா உயரே போகும். நீங்களும் வேகம் கூடும்போது ஜூமை 3-லிருந்து 2-க்கு மெதுவாக இறக்குங்கள். ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக நகர்த்தும் லெர்ப் ஃபங்ஷன் ஒன்றே போதும்.