காற்றுக் கொடி: செய்யும்போதும் வாங்கும்போதும் நடக்கும் தவறுகள்

துப்பாக்கி சுடும் திடலில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு அடிக்கிறது என்று காட்ட, சுடுபவருக்கும் இலக்குக்கும் நடுவே நடுவதுதான் காற்றுக் கொடி. 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தான். விநாடிக்கு 1 மீட்டர் குறுக்குக்காற்று போதும், சாதாரண வேக .22 தோட்டா சுமார் 5 மி.மீ. விலகிவிடும். அந்தக் காற்று முகத்தில் பட்டால்கூட உறைக்காது. அதையும் பிடித்துக் காட்டுவதுதான் நல்ல கொடி.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது எடைச் சமநிலையில். சன்பேக் ஷீட்டில் (லேசான பிளாஸ்டிக் அட்டை) தகடு வெட்டி, பின்னால் வாலாக ரிப்பன் கட்டி, சுழலும்படி கம்பத்து உச்சியின் முள்முனையில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வால்பக்கம் கனமாக இருந்து கம்பமும் கொஞ்சம் சாய்ந்திருந்தால், தகடு சரிவுப்பக்கமே திரும்பி நிற்கும். பலத்த காற்றில் இது தெரியாது. இளங்காற்றில்தான் பொய் சொல்லும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே சோதிக்கலாம். ரிப்பனோடு தகட்டை முள்ளில் வைத்து, கம்பத்தை 10 டிகிரி சாய்த்துப் பாருங்கள். வால் கீழே ஓடினால், தகட்டின் முன்பக்கம் நீட்டிய மூக்குக் கம்பியில் வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அங்கேயே நின்றால் சரி. சமமாக வேண்டியது எடை மட்டும். பரப்பு முள்ளுக்குப் பின்னால்தான் அதிகம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே பரப்பு என்றால் கொடி காற்றுக்குத் திரும்பாது.

அடுத்தது வால். தடித்த துணி இளங்காற்றில் தூங்கும். மிக லேசான ரிப்பனோ சின்னக் காற்றுக்கே கிடையாக நீண்டுவிடும். அதற்குமேல் காற்று கூடினாலும் வித்தியாசம் தெரியாது. எதை எடுத்தாலும் எல்லாக் கொடிக்கும் ஒரே சுருளில், ஒரே நீளத்தில் வெட்டுங்கள். ஒன்று கிழிந்தால் அதை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. தகட்டின் இரு பக்கமும் வேறுவேறு நிறமாக இருக்கட்டும். புல்வெளியில் பச்சை வேண்டாம்.

முன்னால் சுழலும் சிறு காற்றாடி வைத்த கொடிகளைச் செட்டாக வாங்கும்போது ஒவ்வொன்றையும் ஊதிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கிளம்பி, ஒரே மாதிரி ஓய வேண்டும். பேரிங்கில் கிரீஸ் அப்பியிருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

எல்லாக் கொடியையும் இலக்குப் பக்கமே நடுவதும் தவறு. துப்பாக்கிக்கு அருகே வாங்கிய தள்ளல் மீதித் தூரம் முழுவதும் வளர்ந்துகொண்டே போகும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் (ISSF) விதியிலும் 50 மீட்டருக்குக் கொடிகள் சுடும் இடத்திலிருந்து 10, 30 மீட்டரில்தான். உயரம், தோட்டா போகும் கோட்டுக்குச் சற்றுக் கீழே. தரையோடு தரையாக நட்டால் புல் மறைத்த காற்றைத்தான் காட்டும். காற்றில் எழும் வால் இலக்கை மறைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டிகளில் சொந்தக் கொடிக்கு அனுமதி இல்லை. அங்கே கண்ணில் படுவது 50 × 400 மி.மீ. பருத்திப் பட்டை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிராம் எடை. காற்றாடிக் கொடியிலேயே பழகியவருக்கு அது மந்தமாகத் தெரியும். அப்படிப் போட்டிக்குப் போகிறவர் அதே அளவில், அதே எடைத் துணியில் இரண்டு தைத்துப் பயிற்சித் திடலில் நட்டுவிடலாம்.