புருஷன் பெண்டாட்டி வரிக்கணக்கு: சேர்த்தா, தனித்தனியா?
அமெரிக்காவில் மகனும் மருமகளும் ஒரே ரிட்டர்னாகத் தாக்கல் செய்கிறார்களாம். நம்மூரிலும் முடியுமா என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கேட்டார். முடியாது, இங்கே ஆளுக்கொரு பான், ஆளுக்கொரு ரிட்டர்ன்.

சரி, மதினி பெயரில் டெபாசிட் போட்டால்? பணம் அண்ணாச்சி சும்மா கொடுத்தது என்றால் வட்டி அவர் வருமானத்தில்தான் சேரும். அந்த வட்டியை மறுபடி டெபாசிட் போட்டு, அதில் கிடைக்கும் வட்டி மட்டும் மதினி கணக்கு. மதினியின் அப்பா கொடுத்த பணமென்றால் பிரச்சினையே இல்லை.

உண்மையான லாபம் வீட்டுக்கடனில். பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருந்து, இருவரும் தவணை கட்டினால், குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு வருஷம் 2 லட்சம் வரை வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். வரி கட்ட இருக்கும் பழையது, புதியது என்ற இரண்டு முறைகளில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான். பத்திரம் பதிந்த பிறகு யோசித்துப் பலனில்லை.