பிக்கப்புக்குப் பட்டை ஏற்றும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். பழைய பொலேரோ பிக்கப் ஒன்றை வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் வெளிச்சம் வேப்பமரத்து உச்சிக்குப் போகிறதாம். கையில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு பட்டைகள், அதாவது வண்டியின் எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்கின் இரும்புத் தகடுகள். "இதை ரெண்டு பக்கமும் சொருகிக் கொடுங்கண்ணே, போதும்" என்றார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வண்டிக்காக நான் தூக்கிக்கொண்டு போனதும் இதே மாதிரி இரண்டு பட்டைகள்தான்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, சக்கரத்துக்குக் கட்டை வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏன் உட்காருகிறது என்று பார்க்காமல் பட்டை வாங்குவது

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தால் அங்கே பட்டை ஒடிந்திருக்கலாம், வளைவு போயிருக்கலாம், பட்டையின் நுனியைச் சேசிஸோடு கோக்கும் சாக்கிலின் புஷ் தேய்ந்திருக்கலாம். ஒடிவு பெரும்பாலும் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டையின் குறுக்கே மெல்லிய செந்துருக் கோடு தெரியும். ஒடிந்த பட்டை அடுக்கின் மேல் புதுப் பட்டை ஏற்றுவது வீண் செலவு.

லாரிப் பட்டையைச் சொருகுவது

மற்ற பட்டைகள் 8 மில்லி, புதிதாக ஏற்றும் லாரிப் பட்டை 10 மில்லி என்று வையுங்கள். 2 மில்லிதானே என்று தோன்றும். ஆனால் பட்டையின் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். அதே நீளத்துக்கு, அதே அகலத்துக்கு 10 மில்லிப் பட்டை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு. தன் பங்குக்கு மேல் சுமையை அதுவே வாங்கிக்கொண்டு, முதலில் ஒடிவதும் அதுவாகத்தான் இருக்கும். காலியாக வரும்போது வேகத்தடையில் உங்கள் தலை கூரையில் இடிப்பது தனிக்கதை.

பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடுவது

எரிச்சல் இன்னும் அடங்காதது இதில்தான். எரிச்சல் என் மேல்தான்.

அடுக்கிய பட்டைகளைச் சக்கரங்களின் அச்சான ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் பட்டைகளைக் கோத்து வைத்து, ஆக்சில் எங்கே உட்கார வேண்டும் என்று இடம் காட்டும், அவ்வளவுதான். பிரேக்கின் இழுப்பையும் கியரின் தள்ளலையும் தாங்குவது அதன் வேலையே இல்லை. யூ போல்ட் தளர்ந்தால் அத்தனையும் விரல் தடிமன்கூட இல்லாத அந்தப் போல்ட்டின் தலையில் வந்து விழும்.

ஒருமுறை முழு இறுக்கத்தில் ஓடிய யூ போல்ட் நீண்டிருக்கும், மரை இழுபட்டிருக்கும். மறுபடி இறுக்கும்போது ரெஞ்சு கனமாகத்தான் திரும்பும். அது துருப்பிடித்த மரை உரசுகிற கனம். பிடிப்பு வந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பட்டை ஏறியதில் அடுக்கு தடித்து, பழைய போல்ட்டின் நுனி நட்டின் விளிம்போடு நின்றது. பல் ஒன்றுகூட வெளியே இல்லை. நாலு போல்ட்டுக்கு எதற்குக் காசு என்று விட்டுவிட்டேன். ஒட்டன்சத்திரத்தில் வெங்காயம் ஏற்றிப் பாலக்காட்டுக்கு மூன்று நடை நன்றாகவே போனது. நாலாவது நடையில், பழனி தாண்டியதும் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு 'டொக்'. பின்கதவுக் கொண்டி ஆடுகிறது என்று நினைத்துப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். உடுமலைக்கு அப்பால், விடியற்காலை மூன்று மணி, ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் ரப்பர் கருகும் நாற்றம். இறங்கிப் பார்த்தால் இடது பக்க ஆக்சில் பின்னால் நகர்ந்து, டயர் பாடியில் உரசிக்கொண்டிருந்தது. சென்டர் போல்ட்டின் தலை கத்தியால் சீவியதுபோல் போயிருந்தது. வண்டி நண்டு மாதிரி கோணலாக நின்றது.

வெங்காயத்தை வேறு வண்டிக்கு மாற்றிய கூலி, தாமதத்துக்கு மண்டியில் பிடித்த பணம், டயர், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பான புரொப்பல்லர் கிராஸ், எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குப் பக்கம் போனது.

அதனால் பட்டையைக் கழற்றினாலே யூ போல்ட்டும் நட்டும் புதிது. இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று பல்லாவது தெரிகிற நீளம் வேண்டும். சக்கரம் தரையில் இருக்க, நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்து இறுக்க வேண்டும். அளவு அந்தந்த வண்டியின் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். அப்புறம் முதல் லோடு இறக்கியதும் மறுபடி ஒருமுறை. பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் பெயிண்டும் துருவும் சுமையில் நசுங்கி இடம் விடும், அதனால்தான். நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடையும்.

இன்னொன்று. பட்டை சரியாக சென்டர் ஓட்டையில் ஒடிந்தால் எல்லோரும் பட்டை விற்ற கடைக்காரரைத் திட்டுவார்கள். நான் முதலில் யூ போல்ட்டைத்தான் பார்ப்பேன். பிடிப்பு தளர்ந்தால் பட்டை அந்த ஓட்டையில்தான் மடங்கி மடங்கி நிமிரும்.

அடுப்பில் போட்டு வளைப்பது

பட்டையின் துள்ளல் அதைப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, தரையில் ஆறப்போட்டால் பதம் போய்விடும். வளைவு கண்ணுக்கு அழகாக இருக்கும், கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதம் வைக்கத் தெரிந்த இடமென்றால் சரி.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

வேண்டாம்.

புது ஷாக் அப்சார்பர் போட்டால் நிமிரும் என்று நம்புவது

நிமிராது. ஷாக் ஆட்டத்தை அடக்கும், எடையைத் தூக்காது.

பிரேக் வால்வை மறப்பது

பல பிக்கப்புகளில் சேசிஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். மெக்கானிக்குகள் எல்எஸ்பிவி என்பார்கள். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எடையைக் கணக்குப் போட்டு, பின்பிரேக்குக்கு அழுத்தத்தை விடுகிறது. பட்டை ஏற்றி உயர்த்திவிட்டால், நிறை லோடிலும் வண்டி காலி என்றே அது நினைக்கும். பின்பிரேக் பாதிதான் பிடிக்கும், முன்பக்கப் பேடு தேயும், வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிற்கும். பட்டை வேலை முடிந்த அன்றே கம்பியைப் புத்தகப்படி சரிசெய்துவிட வேண்டும்.

எடை மேடை ஏறாமலே முடிவு செய்வது

பட்டை ஏற்றினால் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எடை ஏறாது. ஆக்சில் ஹவுசிங், வீல் பேரிங், டயர், சேசிஸ் எல்லாம் பழைய கணக்குதான். 2019 சட்டத் திருத்தத்தின்படி அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

அந்தத் தம்பியையும் வழக்கமாக ஏற்றும் லோடோடு எடை மேடைக்கு அனுப்பினேன். 1.3 டன் ஏற்ற வேண்டிய வண்டியில் லோடு மட்டும் 2 டன்னுக்கு மேல் இருந்தது. சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரிண்ணே, யூ போல்ட்டும் புதுசாவே போட்டுடலாம். பட்டை மட்டும் ரெண்டுக்கு மூணா ஏத்திருங்களேன்."