பாதி நினைவில் நிற்கும் சிறுவர் புத்தகம்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போனபோது படித்த ஒரு புத்தகத்தைப் பல வருடம் தவறான இடத்தில் தேடினேன். பனிமூட்டம், காடு, தனியாக நடக்கும் சிறுமி, ஒரு கிழவி. இவ்வளவுதான் ஞாபகம். காடு என்றாலே எனக்குக் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள்தான் கண்ணில் வரும். அதனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை வைத்து நம் ஊர்க்காரர் எழுதிய கதை என்றே நம்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ரஷ்ய நாட்டுப்புறக் கதை! படித்த இடம் கதைக்குள் புகுந்துவிடும். உங்கள் நினைவில் இருக்கும் மரமும் மழையும் கதையில் வந்தவையா, ஜன்னலுக்கு வெளியே இருந்தவையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

அட்டையின் நிறத்தையும் நம்பி இறங்காதீர்கள். நூலகப் புத்தகம் கிழிந்தால் பைண்டிங்குக்குப் போகும். காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டையோடு திரும்பி வரும். நீங்கள் தேடும் பச்சை நிறம் பைண்டர் கொடுத்ததாக இருக்கலாம்.

அது புத்தகமாகவே வராமலும் இருந்திருக்கலாம். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் போல இரண்டு மூன்று பத்தியாக அச்சு, ஓரத்தில் பாதி விளம்பரம், ஒவ்வொரு சில பக்கத்துக்கும் ‘தொடரும்’ என்று ஞாபகம் வருகிறதா? அப்படியானால் பதிப்பகப் பட்டியலை விட்டுவிட்டுப் பழைய இதழ்களைப் புரட்டுங்கள். அம்புலிமாமா 1947இலேயே வந்துவிட்டது, கோகுலம் 1972இல்.

படித்த வருடத்தையே வெளிவந்த வருடமாக எடுத்துக்கொள்வதும் தவறு. வழவழ தாளில் வண்ணப் படங்களோடு வந்த சோவியத் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களின் வரத்து, 1991இல் அந்த நாடே கலைந்தபோது நின்றுபோனது. ஆனாலும் அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் அக்கா, அண்ணன் வைத்திருந்த பிரதியில் அவற்றைப் படித்தார்கள்.

எனக்கு வருத்தம் தந்தது வேறொரு தவறு. “அதில் ஒரு நரி வருமில்ல?” என்று அக்காவிடம் கேட்டேன். “ஆமாம், வரும்” என்றாள். கேட்கக் கேட்க எங்கள் இருவர் நினைவிலும் நரி குடியேறிவிட்டது. கதையில் நரியே கிடையாது. முதலில் உங்களுக்கு ஞாபகம் இருப்பதை எழுதி வையுங்கள். அப்புறம், “உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட அன்றுதான், “அந்த வீடு கோழிக்கால் மேல நிற்குமே! பெரியம்மா ஒத்தைக் காலில் நின்று காட்டுவாங்களே” என்றாள்.

அதுதான் துப்பு. கிழவி, காடு என்று தேடினால் ஆயிரம் கதை வரும். கோழிக்கால் வீடு என்றால் நேராக பாபா யாகா என்ற ரஷ்யச் சூனியக்காரிதான். கதையின் சாரத்தைவிட இந்த மாதிரி விநோதமான ஒரு விவரம் பத்து மடங்கு உதவும்.

தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். தமிழிணைய மின்னூலகமோ வேறு நூலகப் பட்டியலோ, ரஷ்ய, ரஷிய, ருஷ்ய, ருஷிய என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து அட்டைகளில் ‘ருஷ்ய’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்ததும் அப்படித் தட்டியபோதுதான். படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். வீட்டுக்குக் கீழே இரண்டு கோழிக்கால்கள்.