வீட்டில் மெயில் சர்வர்: எஸ்.பி. ரோட்டுக்குப் போவதற்கு முன்

பழைய மினி பிசி ஒன்றை பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் கம்ப்யூட்டர் கடைகளில் வாங்கி, டெபியன் லினக்ஸ் ஏற்றி, மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும் வந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் போட்டுவிட்டால் சொந்த மெயில் தயார் என்று நினைப்பவர்கள் பலர். முதல் தவறே அந்த வரிசைதான். பெட்டி வாங்குவதற்கு முன் வீட்டு இணைய இணைப்பைப் பாருங்கள். ரூட்டருக்குக் கிடைத்திருக்கும் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள்; ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிரும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து வரும் மெயிலுக்கு உங்கள் கதவே தெரியாது. சரி, பொது ஐபி இருக்கிறது என்றாலும், வீட்டு இணைப்புகளில், மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் 25ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைக்கின்றன. வெளியே உள்ள ஒரு மெயில் சர்வரின் 25ஐ டெல்நெட் கட்டளையால் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம், வீட்டு ஐபியிலிருந்து நேராக அனுப்பப் பார்ப்பது. மெயிலைப் பெறுவது எளிது. அனுப்புவதில்தான் எல்லோரும் அடிபடுகிறார்கள். வீட்டு இணைப்புகளின் ஐபி தொகுதிகள் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் என்ற பட்டியலில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் ஸ்பாம் அனுப்பியதற்காக அல்ல, வீட்டிலிருந்து நேரடி மெயில் வரக்கூடாது என்ற கொள்கைக்காக. ஒரு ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் ஐபி கொடுத்தவர்தான் மாற்ற முடியும். சாதாரண வீட்டு பிளானில் அதைக் கேட்டு வாங்குவது கடினம். இதோடு மல்லுக்கட்டாமல், இன்பாக்ஸை வீட்டில் வைத்துக்கொண்டு, அனுப்புவதை மட்டும், உங்கள் மெயிலை வாங்கித் தன் சர்வரிலிருந்து அனுப்பும் ஒரு ரிலே சேவையிடம் விடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற வரியும் அந்தச் சேவையின் பயனர்பெயர், கடவுச்சொல்லும், அவற்றைப் பயன்படுத்தச் சொல்லும் ஓரிரு வரிகளும் போதும். எல்லாமே என் வீட்டில்தான் ஓட வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்வது எஸ்பிஎஃப் பதிவு; ரிலேக்கு மாறிய பிறகும் அதில் வீட்டு ஐபியை மட்டும் விட்டுவைக்காமல், ரிலே சேவையையும் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, தனக்கு அனுப்பும் எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையெழுத்து) இரண்டில் ஒன்றையாவது ஜிமெயில் கேட்கிறது. இரண்டும் இருப்பதே நல்லது. 2048 பிட் டிகிம் சாவி, டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு உள்ள 255 எழுத்து வரம்பைத் தாண்டும். டிஎன்எஸ்ஸில் அதைத் துண்டாக்கிப் போடாவிட்டால் சரிபார்ப்பு தோற்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஓபன் ரிலே. யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஸ்பாம் அனுப்பலாம் என்ற நிலை. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பு இதைத் தடுக்கிறது; கெடுப்பது நாம்தான். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்குள் போஸ்ட்ஃபிக்ஸை ஓட்டும்போது, சில அமைப்புகளில் வெளியாள் எல்லோரும் டாக்கரின் உள் ஐபியிலிருந்து வருவதுபோலத் தெரிவார்கள். கடவுச்சொல் கேட்காமல் அனுப்ப விடும் ஐபிகளைச் சொல்லும் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில் அந்தத் தொகுதியும் இருந்தால், ஊரே உங்கள் வீட்டு ஆளாகிவிடும். அந்த வரியில் 127.0.0.0/8 (அதே கணினி) தவிர வேறெதுவும் வேண்டுமா என்று யோசித்துப் போடுங்கள்.

கரண்ட் போனால் மெயில் தொலைந்துவிடும் என்று பெரிய யுபிஎஸ் வாங்குவது வீண்செலவு. அனுப்பும் சர்வர்கள் பொதுவாக நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயலும். அந்தப் பணத்தில் பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வாங்கலாம்.

டொமைன் வாங்கிய இடத்தில் அதே டொமைனின் மெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சர்வர் படுத்துக் கிடக்கும்போது புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் அங்கேதான் வரும். அந்தக் கணக்குக்கு மட்டும் ஜிமெயிலே இருக்கட்டும்.